உலர்ந்த எலும்புகள் யாருடையவை?

கேள்வி: ஐயா, நான் காட்பாடியில் வசிக்கிறேன். பிறந்த வீடு கத்தோலிக்கம். புகுந்த வீடு சி.எஸ்.ஐ.; நாத்தனார் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருந்த என் மகனுக்கு வேலை போய் ஓராண்டாகிறது. எசேக்கியேல் 37ஆம் அதிகாரத்தைக் காட்டி, "உன் உலர்ந்த எலும்புகள் இந்த மாதமே உயிர்பெறும்" என்று நாத்தனாருடைய பாஸ்டர் அவனுக்காக ஜெபித்தார். அது இஸ்ரவேலர் நாடு திரும்புவதைப் பற்றியது என்கிறார் எங்கள் ஆயர். இறந்தோரின் உயிர்த்தெழுதலைப் பற்றியது என்று ஃபாதர் தவக்காலத்தில் மறையுரை ஆற்றியதாக அம்மா சொல்கிறார். எதை ஏற்பது?

பதில்: அம்மா, பள்ளத்தாக்கில் கிடந்த உலர்ந்த எலும்புகள் கடவுளின் வார்த்தையால் உயிர்பெறுவதைத் தீர்க்கதரிசி எசேக்கியேல் தரிசனமாகக் கண்டதைச் சொல்வது அந்த அதிகாரம். ஆயர் சொன்னதற்கு அதிலேயே சான்று இருக்கிறது. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுள் எசேக்கியேலும் ஒருவர்; அடுத்த பத்தாண்டுகளில் எருசலேமும் அதன் ஆலயமும் அழிந்தன. "எங்கள் நம்பிக்கை அற்றுப்போயிற்று" என்று புலம்பிய அந்த மக்களே இந்த எலும்புகள் என்று 11ஆம் வசனம் வெளிப்படையாகச் சொல்கிறது.

அப்படியானால் உங்கள் அம்மா கேட்டது பிழையா? இல்லை. கத்தோலிக்க வாசகச் சுழற்சி மூன்று ஆண்டுகளைக் கொண்டது. அதன் முதலாம் ஆண்டில், தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று இந்த அதிகாரத்திலிருந்து 12 முதல் 14 வரையிலான வசனங்கள் மட்டும், இறந்த இலாசரை இயேசு உயிர்ப்பித்த நற்செய்தியோடு சேர்த்து வாசிக்கப்படுகின்றன. வாசகம் கல்லறைகள் திறக்கப்படுவதிலிருந்து தொடங்குகிறது. எலும்புகள் யார் என்று சொல்லும் 11ஆம் வசனம் அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. இலாசருக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பவருக்கு இறந்தவர்களின் நினைவுதான் வரும். கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இதே அதிகாரத்தின் முதல் 14 வசனங்கள் பெரிய வெள்ளி இரவில், கிறிஸ்துவின் அடக்கத்தைச் சித்திரித்த துணியை ஏந்திப் பவனி வந்தபின் வாசிக்கப்படுகின்றன. ஒரு பகுதியை எந்த நாளில், எதனோடு சேர்த்து வாசிக்கிறோம் என்பதே பாதி விளக்கமாகிவிடுகிறது.

இந்தச் சர்ச்சை பழையது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், இது இஸ்ரவேலைக் குறித்த உருவகம் மட்டுமே என்றவர்களுக்கு மறுப்பு எழுதினார். உயிர்த்தெழுதல் என்ற ஒன்று உண்மையில் இல்லையென்றால் அதை இன்னொன்றுக்கு உவமையாக்க முடியாது என்பது அவருடைய வாதம். முழுதும் முடிந்த வாதம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல.

சி.எஸ்.ஐ. வேலூர் பேராயத்தின் வேர், 1853இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் அமைத்த ஆற்காடு மிஷனில், அதாவது 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபையில் இருக்கிறது. (கால்வினின் எசேக்கியேல் விரிவுரைகள் 20ஆம் அதிகாரத்தோடு நின்றுவிட்டன; 37ஐ எட்டுமுன்பே 1564இல் அவர் இறந்துபோனார்.) எலும்பு தானாக எழுந்து நிற்காது, வார்த்தை புறப்பட்டு வந்தால்தான் எழும், எனவே புதுவாழ்வு முழுவதும் கிருபையே என்பதுதான் அந்த மரபின் அழுத்தம்.

பெந்தெகொஸ்தே சபையார் நிற்கும் இடம் 8ஆம் வசனம். நரம்பும் மாம்சமும் தோலும் உண்டாயின, ஆனால் அவற்றில் ஆவி இல்லை. கட்டடமும் கமிட்டியும் இருந்தும் உயிரில்லாத சபை என்று இதை அவர்கள் பிரசங்கிக்கும்போது மற்றவர்களுக்கு உறைக்கவே செய்யும். 'ரூவாக்' என்ற எபிரேயச் சொல் காற்று, மூச்சு, ஆவி ஆகிய மூன்றையும் குறிப்பது. அவர்கள் மூன்றாவது பொருளை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். பாலாற்றில் 2021 நவம்பரில் இருகரையும் தொட்டு வெள்ளம் போனதை இந்தத் தரிசனத்தோடு இணைத்துப் பேசியவர்களும் உண்டு. ஆனால் எசேக்கியேலின் பள்ளத்தாக்கில் வருவது வெள்ளமல்ல, காற்று.

ஒரு மக்கள் கூட்டத்துக்குச் சொன்ன ஆறுதலைத் தனி மனிதன் தன் துயரத்துக்கு எடுத்துக்கொள்வதை எந்த மரபும் தடுக்கவில்லை. துக்க வீட்டு ஜெபங்களில் எல்லாச் சபையாரும் அதைத்தான் செய்கிறோம். நான் உடன்படாதது 'இந்த மாதமே' என்ற அந்தக் கெடுவோடு மட்டும். இந்த எலும்புகள் உயிரடையுமா என்று கர்த்தர் கேட்டபோது தீர்க்கதரிசியே 'உயிரடையும்' என்று சொல்லவில்லை; "தேவரீர் அதை அறிவீர்" என்றுதான் சொன்னார்.

மகனிடம் 11ஆம் வசனத்தை வாசிக்கக் கொடுங்கள். நம்பிக்கை போய்விட்டது என்று வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு அதில் இடம் இருக்கிறது. அப்படிச் சொன்னவர்களை அந்த அதிகாரம் கடிந்துகொள்ளவும் இல்லை. நாத்தனாரோடு வாதாட வேண்டாம். 'இந்த மாதமே' என்பது எத்தனையாவது வசனம் என்று மட்டும் ஒரு நாள் மெல்லக் கேட்டுப் பாருங்கள்.