அலறும் கை – கடிதம்

அன்புள்ள ஐயா,

உள்ளங்கையில் வாய் பிளந்து கத்தும் நீலக் கை அச்சிட்ட டீஷர்ட் ஒன்றை என் மகன் விடாமல் அணிகிறான். சாண்டா குரூஸ் என்னும் ஸ்கேட்போர்டு நிறுவனத்துடையதாம். அவனோ ஸ்கேட்போர்டில் ஏறியதே இல்லை. பலகை விற்றவர்கள் ஜவுளிக்கு மாறிவிட்டார்களா, அல்லது ஸ்கேட்போர்டு என்பதே வெறும் விளம்பரமா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

வெறும் விளம்பரம் அல்ல. கலிஃபோர்னியாவின் கடற்கரை நகரமான சாண்டா குரூஸில் அலைச்சறுக்குத் தொழிலில் இருந்த ரிச்சர்ட் நோவக், டக் ஹாட், ஜே ஷ்யூர்மன் ஆகிய மூவர் தொடங்கியது அது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளே என்எச்எஸ் என்ற தாய்நிறுவனத்தின் பெயராயின. 1973இல் ஹவாயிலிருந்து 500 ஸ்கேட்போர்டுகளுக்கு ஆர்டர் வந்தபோது, மீந்து கிடந்த கண்ணாடியிழையைக் கொண்டே அவற்றைச் செய்து கொடுத்தார்கள்.

தொடக்கம் தற்செயலாக இருக்கலாம். அடுத்து வந்தவை அப்படியல்ல. நம்மூர் சைக்கிள் கடையில் பால்ரஸ் என்பார்களே, அந்தக் குண்டுகளை அன்றைய சக்கரங்களில் உதிரியாகக் கோத்து நட்டை முறுக்க வேண்டும்; நட்டு தளர்ந்தால் குண்டுகள் தெருவில் சிதறும். மூடிய பேரிங் பொருந்தும் ரோடு ரைடர் சக்கரங்களை 1970களின் நடுவில் இவர்கள் விற்கத் தொடங்கியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. பலகையோடு சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கு ட்ரக் என்று பெயர். ஃபௌஸ்டோ விடெல்லோ, எரிக் ஸ்வென்சன் ஆகியோருடன் சேர்ந்து 1978இல் இவர்கள் கொண்டுவந்த இண்டிபெண்டன்ட் ட்ரக் இன்றும் விற்பனையில் இருக்கிறது. என் பார்வையில், படங்களைவிட இந்த உலோகச் சாமான்களே நிறுவனத்தின் பெரிய சாதனை.

நீங்கள் குறிப்பிடும் கையை 1985இல் ஜிம் ஃபிலிப்ஸ் வரைந்தது சட்டைக்காக அல்ல, ஸ்பீட் வீல்ஸ் என்ற இவர்களது சக்கரங்களுக்காக. கறாராகச் சொன்னால் உங்கள் மகன் அணிந்திருப்பது ஒரு சக்கர விளம்பரம். ராப் ராஸ்காப் என்ற ஸ்கேட்போர்டு வீரரின் பெயரில் வந்த பலகைகளுக்கும் ஃபிலிப்ஸே வரைந்தார்: முதல் பலகையில் குறிவட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு கை மட்டும் நீளும், அடுத்தடுத்த பலகைகளில் உள்ளிருக்கும் பூதம் மேலும் மேலும் வெளியே வரும்.

இவை அனைத்தும் பலகையின் அடிப்பக்கத்தில் அச்சானவை. நீச்சல்குள விளிம்பிலும் படிக்கட்டுக் கைப்பிடியிலும் அதே அடிப்பக்கத்தை உரசிச் சறுக்குவதுதான் ஆட்டம் என்பதால், தேர்ந்த ஆட்டக்காரரின் பலகையில் படம் வெகுவிரைவில் தேய்ந்துபோகும். துணியில் அது தங்கும், பலகையில் ஏறாதவரையும் சென்றடையும். ஆகவே ஜவுளிக்கு மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பலகை, சக்கரம், சட்டை மூன்றையும் என்எச்எஸ் இன்றும் சேர்த்தே விற்கிறது.