அம்மாவுக்கு என் தோலைக் கொடுக்கலாமா?

கேள்வி: கொதிக்கும் எண்ணெய் கொட்டி அம்மாவுக்கு முழங்கை மடிப்பில் தீக்காயம். வயது 58. நாலு வாரமாகியும் ஆறவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டணும் என்கிறார்கள். "இன்னொரு புண்ணா?" என்று அம்மா மறுக்கிறார். என் தோலைத் தரலாமா? ஒருவர் தோல் வங்கியில் வாங்கி நிரந்தரமாக ஒட்ட ஏற்பாடு செய்வதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார்.

பதில்: பெற்ற பிள்ளையின் தோலானாலும், ரத்த குரூப் பொருந்தினாலும் ஒட்டாது. முதலில் ஒட்டியதுபோல் இருக்கும். இரண்டொரு வாரத்தில் அம்மாவின் உடம்பே அதைத் தள்ளிவிடும். ஒரே விதிவிலக்கு, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். எல்லா இரட்டையரும் அல்ல. ஆணும் பெண்ணுமாகப் பிறந்தவர்கள் கிடையாது, முகஜாடை ஒத்திருப்பதும் போதாது. அம்மாவுக்கு அப்படியொரு சகோதரி இருந்தாலும், இந்த அளவு காயத்துக்கு அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தோல் வங்கியில் இருப்பது இறந்தவர்கள் தானம் தந்த தோல். உடம்பில் பெரும்பகுதி வெந்து, எடுக்கச் சொந்தத் தோல் போதாதவர்களுக்கு அது தற்காலிகப் போர்வை. அதுவும் உதிர்ந்துவிடும். "நிரந்தரம்" என்று சொன்ன ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் பதறி நிற்கும் குடும்பங்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். தோல் தேவையென்றால் கேட்டு வாங்க வேண்டியது சிகிச்சை தரும் மருத்துவமனை, இடையில் புரோக்கருக்கு வேலையே இல்லை.

தொடையில் காகித கனத்துக்குத் தோலின் மேல்பகுதியை மட்டும் சீவி எடுப்பார்கள். தோலின் அடிப்பகுதியும் முடிவேர்களும் அங்கேயே இருப்பதால், சுமார் இரண்டு வாரத்தில் புதுத்தோல் வளர்ந்துவிடும். முதல் சில நாள் ஒட்டிய இடத்தைவிடத் தொடைதான் அதிகம் எரியும். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே ஒட்டிக்கொண்ட கட்டைப் பிய்க்கக் கூடாது, ஆறியதும் தானாகக் கழன்றுவிடும். நிறம் மட்டும் கொஞ்சம் மாறித் தெரியும்.

ஒட்டிய தோலுக்கு முதலில் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் பிழைத்திருக்கும். அப்புறம்தான் ரத்தக் குழாய்கள் இணையும். அதற்குள் கை அசைந்தாலோ, அடியில் ரத்தமோ சீழோ சேர்ந்தாலோ தோல் போய்விடும். அதனால்தான் முதல் ஐந்தாறு நாள் கையை அசையாமல் கட்டி வைக்கிறார்கள். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

மடிப்பில் வந்த காயம் தானாக ஆறினால் சுருங்கித்தான் ஆறும். பிறகு கை நீளாது. மூன்று வாரத்தில் ஆறாத தீக்காயத்தை உடனே பிளாஸ்டிக் சர்ஜனிடம் அனுப்ப வேண்டும். உங்களை நாலாவது வாரம் வரை டிரெஸ்ஸிங்குக்கே அலையவிட்டது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. இது தினமும் நடக்கிற கொடுமை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனையிலுள்ள அந்தத் திட்டத்தின் கவுன்டரில் நாளைக்கே காட்டுங்கள். அனுமதி வரத் தாமதமானால் தினமும் போய் நின்று கேளுங்கள்.