வாரண்டி முடியும்வரை காரை வாங்கின ஷோரூமிலேயேதான் சர்வீஸ் விட வேண்டுமா?

தர்மபுரியில் கார் எடுத்து ஐந்து மாதம் ஆகிறது, பிரேக் பிடித்தால் சத்தம் வருகிறது, வாங்கின இடத்தில் "பழகிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், வேறு இடத்தில் விட்டால் வாரண்டி போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகாது. அதே கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருந்தாலும் விடலாம். வாரண்டி தருவது காரைத் தயாரித்த கம்பெனி, ஷோரூம்காரர் அவர்களுடைய டீலர். சேலத்தில் வாங்கி ஓசூரில் சர்வீஸ் விடுகிறவர்கள் எத்தனையோ பேர். வண்டி நம்பரைச் சொன்னாலே இதுவரை என்ன வேலை நடந்தது என்று அவர்களுக்குக் கம்ப்யூட்டரில் வந்துவிடும். ஃப்ரீ சர்வீஸுக்கும் இதேதான்.

இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் ஏறக்குறைய மூன்று வருஷம் ஒரே இடத்துக்கு அலைந்தவள் நான். உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ஊர் பாலக்கோடு. பஞ்சப்பள்ளி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. 2021 செப்டம்பரில் கார் எடுத்தோம், மூன்று வருஷ வாரண்டி. பள்ளிக்குப் போக மட்டும் என்றால் எனக்கு ஸ்கூட்டியே போதும். மகளுக்குச் சென்னையில் காலேஜ் கிடைத்தது. அவளை ராத்திரி மொரப்பூரில் ரயில் ஏற்றிவிடவும் விடியற்காலையில் போய்க் கூட்டி வரவும்தான் கார். தர்மபுரிக்கும் மொரப்பூருக்கும் நடுவே ரயில் பாதை போட வேண்டியது வெறும் 36 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே ரயில் ஓடியிருக்கிறது, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் எடுத்துவிட்டார்கள். 2019இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். அப்போது என் மகள் பத்தாவது. இப்போது காலேஜும் முடித்து வேலைக்கும் போய்விட்டாள், நாங்கள் இன்னும் காரில்தான் மொரப்பூர் போய்க்கொண்டிருக்கிறோம். இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

இரண்டாவது வருஷம் முன்பக்கத்தில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. வேகமாகப் போனால் கேட்காது. பள்ளிக்குத் திரும்பும் மண் ரோட்டில் மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங்குக்குக் கீழே 'டொக் டொக்' என்று வரும். சர்வீஸ் விட்டபோது சொன்னேன். எந்த ஷோரூம் என்று பெயர் சொல்ல விரும்பவில்லை. அங்கிருந்த பையன், "சார் வரலைங்களா மேடம்?" என்று கேட்டான். எங்கள் வீட்டுக்காரர் வண்டி ஓட்டுவதில்லை. "ஓட்டறது நான்தான் தம்பி, எங்கிட்டயே சொல்லுங்க" என்றேன். "நம்ம ரோடு அப்படிங்க மேடம்" என்றான், அவ்வளவுதான். அடுத்த தடவையும் சொன்னேன். லிங்க் ராட் (சஸ்பென்ஷனில் இருக்கும் ஒரு சின்னக் கம்பி) போயிருக்கிறது, அது தேய்கிற பாகம், வாரண்டியில் வராது என்று 3,400 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றினார்கள். ஊர் வந்து சேர்வதற்குள் அதே சத்தம்.

2024 ஆகஸ்டில் ஓசூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். என்னோடு கடைத்தெரு வரை வந்தவன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணி, வாரண்டி எப்ப முடியுது?" என்றான். செப்டம்பர் 11. பழைய ஜாப் கார்டுகளை, அதாவது சர்வீஸ் விடும்போது என்ன வேலை என்று எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்கும் தாள்களை, எடுத்து வரச் சொன்னான். எடுத்துப் பார்த்தால் இரண்டிலும் 'பீரியாடிக் சர்வீஸ், வாட்டர் வாஷ்' என்று மட்டும் இருக்கிறது. நான் வாய் வலிக்கச் சொன்ன சத்தம் பற்றி ஒரு வரி கிடையாது. கீழே என் கையெழுத்து இருக்கிறது. கம்பெனியைப் பொறுத்தவரை என் வண்டியில் ஒரு குறையும் இருந்ததே இல்லை.

அந்த வாரமே ராயக்கோட்டை வழியாக ஓசூர் போனேன். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சூப்பர்வைசர். சாவியை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "நீங்களே ஓட்டுங்கம்மா, நான் பக்கத்துல உக்காந்து கேக்கறேன்" என்றார். சென்டருக்குப் பின்னால் ஜல்லி பெயர்ந்த ஒரு சந்து இருந்தது. அதில் இரண்டு தடவை போய் வந்தோம். அப்புறம் வண்டியை லிஃப்டில் ஏற்றி, முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒரு பையனை உள்ளே உட்கார்த்தி ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் திருப்பச் சொன்னார். "கையை இங்க வைங்கம்மா" என்று குறுக்கே போகும் ஒரு நீளமான இரும்புக் குழாயைக் காட்டினார். வைத்தேன். பையன் திருப்பும் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில் 'டக்' என்று ஒரு தட்டு. ஒன்றரை வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். ஸ்டியரிங் ரேக், ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரங்களைத் திருப்புகிற பாகம்.

ஜாப் கார்டில் நான் சொன்னதை நான் சொன்ன மாதிரியே எழுதினார்: மெதுவாகப் போகும்போது, மேடு பள்ளத்தில், ஸ்டியரிங் அடியில் சத்தம். தேதி, கிலோமீட்டர் எல்லாம் போட்டு வீடியோவும் எடுத்து அன்றைக்கே கம்பெனிக்கு அனுப்பினார். பாகம் வந்து சேர்ந்தது செப்டம்பர் மூன்றாவது வாரம், வாரண்டி முடிந்து பத்து நாள் தாண்டியிருந்தது. குறையைப் பதிவு செய்த தேதி வாரண்டிக்குள் இருந்ததால் ஒரு ரூபாய்கூட வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். காசு கொடுத்து மாற்றியிருந்தால் 32,000 ஆகியிருக்கும் என்றார் அவர்.

ஓசூர் என்றால் நல்லது, தர்மபுரி என்றால் மோசம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பையனையும் நான் குறை சொல்லவில்லை, ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று அவனுக்கும் மேலிருந்து நெருக்குவார்கள். நான் மெக்கானிக்கும் இல்லை. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தையும் ஏசி ஹாலையும் பார்க்காதீர்கள். உங்களோடு வண்டியில் உட்கார்ந்து கேட்கிறார்களா, சொன்ன குறையை ஜாப் கார்டில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். எழுதாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளி மெக்கானிக் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கம்பெனிகள் வியாபாரத்தில் நியாயமாக நடக்கிறார்களா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வெளியில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்வோம் என்று நிபந்தனை வைக்கக் கூடாது, வெளி வேலையால் எது கெட்டதோ அதற்கு மட்டும்தான் மறுக்கலாம் என்று அந்த உத்தரவில் இருக்கிறது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். நியாயம் நம் பக்கம்தான். ஆனாலும் ஒரு க்ளெய்முக்காக வழக்கு, வாய்தா என்று அலைய நமக்கு நேரம் ஏது? வாரண்டி முடியும்வரை ஆயில் சர்வீஸை அங்கீகரிக்கப்பட்ட இடத்திலேயே செய்யுங்கள், மாதக் கணக்கா கிலோமீட்டரா எது முதலில் வருகிறதோ அதன்படி. நம்மைப் போலக் குறைவாக ஓட்டுகிறவர்கள் மாதக் கணக்கைத்தான் மறந்துவிடுகிறோம். பஞ்சர், வீல் அலைன்மென்ட், சீட் கவர் எல்லாம் பாலக்கோட்டில் எங்கள் தெரு முனைக் கடைக்காரரிடம்தான் பார்க்கிறேன், அவர் பிழைப்பை நான் கெடுக்கவில்லை. ஹாரன், ஃபாக் லைட் என்று வயரை வெட்டி ஒட்டுகிற வேலைக்கு மட்டும் விடாதீர்கள், பிறகு எலெக்ட்ரிக்கலில் என்ன கோளாறு வந்தாலும் அந்த ஒட்டைத்தான் காட்டுவார்கள்.

ஃப்ரீ சர்வீஸ் என்றால் கூலி மட்டும்தான் ஃப்ரீ, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. எஞ்சின் ஃப்ளஷ், ஏசி கிளீனிங், கோட்டிங் என்று சேர்ப்பார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தின் சர்வீஸ் அட்டவணையில் இல்லாததை வேண்டாம் என்று சொன்னால் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது. எதற்கும் மசியவில்லை என்றால் கம்பெனிக்கே எழுதிப் போடுங்கள், அப்புறம் நுகர்வோர் உதவி எண் 1915.

உங்கள் பிரேக் சத்தம் காலையில் முதல் தடவை பிடிக்கும்போது மட்டும் வருகிறதா, இறக்கத்திலும் வருகிறதா, எந்த வேகத்தில் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பக்கத்தில் யாரையாவது உட்கார்த்திப் போனில் பதிவும் செய்துகொண்டு போங்கள். ஆறாவது மாத சர்வீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தொப்பூர் கணவாயில் இறங்குகிற வண்டி என்றால் இந்த வாரமே போய்விடுங்கள்.