குகைக்குள் எப்போதும் இருட்டுதானே?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேரும் சனிக்கிழமை நான்கு மணிக்கு வேலை முடிந்ததும், எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள சுண்ணாம்புமலைக் குகைக்குள் போய்வரத் திட்டமிட்டிருக்கிறோம். மழைக்காலம், பொழுது சாயும் நேரம் என்று அம்மா தடுக்கிறார். குகைக்குள் பகலிலும் இருட்டுதானே, மழையும் உள்ளே பெய்யாதே என்கிறான் நண்பன். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், கோப்பேங், மலேசியா

பதில்: நண்பர் சொன்ன இரண்டும் உண்மைதான், ஆனாலும் நான் அம்மாவின் பக்கம்.

இருட்டைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை, தம்பி. தண்ணீரைப் பற்றித்தான் கவலை. மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் சுண்ணாம்புப்பாறையை நெடுங்காலம் அரித்து உண்டாக்கியதே குகை என்பதால், நீங்கள் நடக்கப்போவது பெரும்பாலும் தண்ணீர் தனக்காக வெட்டிக்கொண்ட வழியில்தான். மலையின் மறுபக்கம் பெய்த மழை, வெடிப்புகளிலும் பள்ளங்களிலும் புகுந்து, இந்தப் பக்கம் வானம் வெளுத்த பிறகும் உள்ளே வந்து சேரும். அதிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நம் மேற்குக்கரையில் இடிமழை பிற்பகலிலும் மாலையிலும்தான் கொட்டுகிறது. எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் மாலை வானத்தை நம்பி யாரும் துணி காயப்போட்டதில்லை.

இள வயதில் நானும் இப்படி ஒரு குகைக்குள் போயிருக்கிறேன். ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். சுவரில் சாய்ந்தபடி டார்ச்லைட்டை மேலே திருப்பினேன். என் தலைக்கு இரண்டு முழம் மேலே, பாறை இடுக்கில், காய்ந்த செம்பனை ஓலைக் கீற்றும் ஒற்றைச் சிலிப்பரும் செருகிக் கிடந்தன. ஏறிப்போய் வைக்கக்கூடிய இடமல்ல அது. யாரும் ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டோம்.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் 2018 ஜூன் 23 அன்று, அதுவும் ஒரு சனிக்கிழமை, பந்தாட்டப் பயிற்சி முடிந்துதான் போனார்கள். கடைசிச் சிறுவன் வெளியே வந்தது ஜூலை 10 அன்று. அதற்குள் முன்னாள் கடற்படை முக்குளிப்பாளர் ஒருவரின் உயிர் போயிருந்தது. நம் நாட்டிலேயே, 2019 ஜூலையில், சரவாக்கின் முலு குகை ஒன்றில் திடீர் வெள்ளம் ஒரு சுற்றுப்பயணியோடு வழிகாட்டியையும் கொண்டுபோனது.

ஆசையை விட வேண்டியதில்லை. உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கும் குவா தெம்புரோங் குகைக்கு, மழையில்லாத நாளாகப் பார்த்து, காலையில், வழிகாட்டியோடு போங்கள். தெளிந்திருந்த ஓடை தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, தண்ணீரின் இரைச்சல் கனத்தாலோ, படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் வெளியேறுங்கள். வாசல் தொலைவில் இருந்தால் எட்டிய மேட்டில் ஏறி, தண்ணீர் வடியும்வரை அங்கேயே இருங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஓடையில் இறங்க வேண்டாம்; எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் அந்த வழியாகவும் உடலுக்குள் புகும்.

கேள்வி: கைப்பேசி வெளிச்சம் போதாதா?

போதாது. ஏறும்போதும் தவழும்போதும் இரண்டு கைகளும் வேண்டும். ஆகவே, தலைக்கவசத்தில் ஒரு விளக்கு, பையில் இரண்டு, ஆளுக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டு, அந்த நேரம் தாண்டினால் 999க்கு அழைக்கும்படி ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த வேலைக்கு உங்கள் அம்மாவைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார்.