அலுமினியம் வெல்டு வெடிக்குதா? கேளுங்க, சொல்றேன்

ஓசூர் சிப்காட் பக்கம் பட்டறையில டிக் டார்ச் (மின்பொறியால உலோகத்தை உருக்கிச் சேர்க்கற வெல்டிங் கருவி) பிடிக்கிறவன் நான். அலுமினியத்துல சந்தேகம்னா கேளுங்கன்னு நேத்து சொல்லியிருந்தேன், வந்ததுக்கு பதில் இதோ. 6061, 7075ன்னு வர்றது அலுமினியக் கலவையோட கிரேடு நம்பர், 4043, 5356ன்னு வர்றது வெல்டுல கூடவே உருக்கி விடற கம்பியோட, அதாவது ராடோட நம்பர்.

கே: அண்ணே, 6061 பிளேட் ரெண்டையும் ஒட்டி வச்சு ராடு விடாமலே உருக்கிச் சேர்த்தேன். ஆறினதும் நடுவுல நீளமா வெடிச்சிருச்சு, ஏன்?

ப: ராடு விடாததுதான் தம்பி. 6061 ஆறும்போது 652 டிகிரில உறைய ஆரம்பிச்சு 582ல தான் முழுசா கட்டியாகும், அந்த எழுபது டிகிரியும் பாதி கட்டி பாதி கூழா கெடக்கும், அந்த நேரத்துல உலோகம் சுருங்குது, சுத்தி இருக்கற பிளேட் விடாம இழுக்குது, கூழ் எப்படி தாங்கும், பிளந்துக்கும். 4043 ராடுல 5 சதவீதம் சிலிகான் இருக்கு, அது சேர்ந்தா கடைசி வரைக்கும் திரவம் மிச்சமிருந்து, பிளக்கற இடுக்குல ஓடி அடைச்சிடும். ஆனா ராடை மேலாப்புல தொட்டுட்டுப் போனா பிரயோஜனமில்ல. ஓரத்தை வி மாதிரி சீவி, கேப் விட்டு, பீடுல (வெல்டு உறைஞ்சு நிக்கற வரியில) ராடோட பங்கு அதிகமா வர்ற மாதிரி பண்ணுங்க.

கே: பீடு முடியற இடத்துல மட்டும் நட்சத்திரமா கீறல் விழுது.

ப: டார்ச்சை சட்டுனு எடுக்காதீங்க. கரண்டை மெல்ல இறக்கிக்கிட்டே ராடு விட்டு குழியை மேடாக்குங்க.

கே: 7075 ஃபிக்சர் (வேலைப் பொருளைப் பிடிச்சு வைக்கறது) உடைஞ்சிருச்சு சார், எந்த ராடு போடலாம்?

ப: எதுவும் வேணாம். போல்ட் போடுங்க, இல்ல புதுசா மில்லிங் பண்ணுங்க. அது 635ல இருந்து 477 வரைக்கும் கூழா நிக்கும், துத்தநாகமும் செம்பும் சேர்ந்து பண்ற வேலை. 2019ல அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல டைட்டானியம் கார்பைடு நானோ துகள் கலந்த ராடால வெடிக்காம வெல்டு வச்சாங்க, நம்ம கடையில வாங்கற ராடு அது இல்ல.

கே: காவேரிப்பட்டணத்துல இருந்து. 300 டிகிரிக்கு சூடு பண்ணிட்டு வச்சா வெடிக்காதுன்னு எங்க மேஸ்திரி சொல்றாரே?

ப: அது வார்ப்பிரும்புக்கு சரி, மேஸ்திரி சொன்னதுல தப்பில்ல. டி6ங்கற பக்குவத்துல வர்ற 6061க்கு பலமே 170 டிகிரி வாக்குல பக்குவம் பண்ணினதால வந்தது, 300க்கு ஏத்தினா அந்தப் பலம் போயிடும். தடிப் பிளேட்ல ஈரம் போக லேசா சூடு காட்டுங்க, 120ஐ தாண்ட விடாதீங்க.

கே: மேஸ்திரி முப்பது வருஷமா அப்படித்தான் பண்றாராம், ஒண்ணும் வெடிக்கலையாம்!

ப: வெடிக்காம இருக்கலாம் தம்பி, லோடு ஏத்தினா வளையுமே. வெடிப்பைப் பார்க்கறோம், பலம் போனதைப் பார்க்கறதில்ல, என் பயமே அதுதான்.

கே: 7075க்கு 5356 போட்டா?

ப: மேல சொல்லிட்டேன். வேணாம்.

கே: 6061ல வெல்டு வச்சு அனோடைசிங் (மேல ஆக்சைடு படலம் ஏத்தறது) பண்ணணும், 4043ஆ 5356ஆ?

ப: 5356. 4043 போட்டா பீடு கறுத்துடும். ஆனா 65 டிகிரிக்கு மேல எப்பவும் சூட்டுல இருக்கற பார்ட்னா 5356 கூடாது.

கே: தர்மபுரியில பழைய இரும்புக் கடையில எடுத்த அலுமினியத் துண்டு, கிரேடு தெரியல, வெல்டு வைக்கலாமா?

ப: கிரேடு தெரியாம டார்ச்சை பத்த வைக்காதீங்க. ஆள் ஏறற ஏணி, வண்டி பார்ட்னா தொடவே தொடாதீங்க.