இலையின் கக்கத்தில் ஒரு கண்

அன்புள்ள ஐயா,

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் அவனுக்கு அறிவியல் பாடம் சொல்லிக்கொடுத்தபோது உருளைக்கிழங்கு தண்டு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேர் என்று வந்தது. இரண்டும் மண்ணுக்குள்தானே இருக்கின்றன, இரண்டும் வீங்கித்தானே இருக்கின்றன, ஒன்று மட்டும் எப்படித் தண்டு ஆனது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ, பரீட்சைக்கு வரும்" என்றேன். அன்றிலிருந்து அந்தப் பாடத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான். செடியின் பாகங்களுக்குப் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, செல்போனில் படம் எடுத்தால் என்ன செடி என்று அதுவே சொல்லிவிடுகிறதே என்கிறான். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

அவனுக்குத் தாவரவியலில் ஆர்வம் வர எந்தப் புத்தகம் வாங்கிக்கொடுக்கலாம்? இன்னொரு சந்தேகம். இசை கேட்டால் செடிகள் நன்றாக வளரும் என்கிறார்களே, உண்மையா?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் மகன் கேட்டது மிக நல்ல கேள்வி. நீங்கள் சொன்னது மோசமான பதில். "எனக்குத் தெரியவில்லை, வா பார்க்கலாம்" என்றிருந்தால் போதும். தெரியாமல் இருப்பதில் குற்றமே இல்லை. தெரியாததை "அது அப்படித்தான்" என்று மூடிவைத்தீர்களே, அதுதான் குற்றம். ஒரு சிறுவன் இரண்டு பொருள்களை எடுத்து ஒப்பிடுகிறான். ஒரே இடம், ஒரே வீக்கம், பிறகு ஏன் வேறு வேறு பெயர் என்கிறான். தாவர உருவவியல் என்ற துறையே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அதை அவன் தானாகவே கேட்டிருக்கிறான். நீங்கள் பரீட்சையைக் காட்டிப் பயமுறுத்தி அனுப்பிவிட்டீர்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இசையை விட்டுவிடுவோம். வெளிச்சமும் தண்ணீரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், போதும். செல்போன் செயலியோடு எனக்குச் சண்டை இல்லை, நானும் வைத்திருக்கிறேன். அது பெயரைச் சொல்லும். உங்கள் மகன் பெயரைக் கேட்கவில்லை.

சில நாட்களுக்கு முன் அலமாரியை ஒழுங்கு செய்தபோது என் அப்பாவின் ஒட்டுக் கத்தி கிடைத்தது. அதிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக அந்த நேரத்தில் வந்தது.

அப்பா நாற்றுப்பண்ணைகளில் ஒட்டுக் கட்டியவர். நல்ல பூ பூக்கும் ஒரு ரோஜாவிலிருந்து ஒரு கண்ணை மட்டும் கொஞ்சம் பட்டையோடு சீவி எடுப்பார். வேர் உறுதியான இன்னொரு ரோஜாவின் பட்டையில் குறுக்கே ஒரு கீறல், அதன் நடுவிலிருந்து கீழே ஒரு கீறல். அதற்குள் அந்தக் கண்ணைச் செருகிக் கட்டுவார். கண் என்றால் மொட்டு. பூமொட்டு அல்ல, கிளையாக வரப்போகிற மொட்டு. தமிழில் கண் என்ற சொல்லுக்கே கணு என்றும் ஒரு பொருள் உண்டு, மூங்கிலின் கணுவைக் கண் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கடைசி நான்கு வருடம் அப்பாவுக்குப் பார்வை இல்லை. ஆனாலும் கையைச் சும்மா வைத்திருக்க அவரால் முடியாது. நான் குச்சி வெட்டிக் கொண்டுவந்து கொடுப்பேன். கட்டை விரலால் அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை வருடுவார், எத்தனை கண், எது முற்றியது, எது பிஞ்சு என்று சொல்லிவிடுவார். எனக்குப் பார்வை இருந்தும் சில கண்கள் தெரியாது. அவ்வளவு சிறியவை, பட்டையின் நிறத்திலேயே அழுந்திக் கிடக்கும். அப்போது சொல்வார்: "கண்ணைத் தேடாதடா. இலைக்காம்பு விழுந்த தழும்பைத் தேடு. கண் அதுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கும்."

நான் தாவரவியலில் பட்டம் வாங்கியவன். அந்த மூன்று ஆண்டுகளில் நான் கற்றதில் பெரும்பகுதி அந்த வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

பூக்கும் தாவரம் எதுவானாலும் தண்டின் கணுவில் இலை இருக்கும், இலை தண்டோடு சேரும் இடத்தின் மேல்புறத்தில் ஒரு மொட்டு இருக்கும். பாடநூல்கள் அந்த இடத்தை இலைக்கோணம் என்கின்றன. இலங்கையில் அந்த மொட்டைக் கக்கவரும்பு என்பார்கள். எனக்குக் கக்கம்தான் பிடித்திருக்கிறது. கோணம் என்றால் அளவுகோல் ஞாபகம் வருகிறது. கக்கம் என்றால் குழந்தையை அணைத்துக்கொண்ட ஓர் உடம்பு தெரிகிறது. செடி வளர்வதென்பது இந்தத் தொகுதியை நுனியில் மறுபடி மறுபடி கட்டிக்கொண்டே போவதுதான்: ஒரு கணு, ஓர் இலை, அதன் கக்கத்தில் ஒரு கண், அப்புறம் கொஞ்சம் தண்டு, மறுபடி ஒரு கணு. விலங்குக்குக் கருவிலேயே கை இரண்டு, கால் இரண்டு என்று முடிவாகிவிடுகிறது. செடி சாகும்வரை தன் உடம்பைக் கட்டி முடிப்பதே இல்லை.

சரி, இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? ஒரு செடியில் எந்த உறுப்பைப் பார்த்தாலும் அதன் உருவத்தை நம்பாமல், அது எந்த இடத்தில் இருக்கிறது, கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். பச்சையாகத் தட்டையாக இருந்தால் இலை, உருண்டு தடித்திருந்தால் தண்டு, மண்ணுக்குள் இருந்தால் வேர் என்று நினைக்கிறோம். மூன்றும் தவறு. செடி எந்த உறுப்பையும் எந்த உருவத்துக்கும் மாற்றிவிடும். இடத்தை மட்டும் அவ்வளவு எளிதில் மாற்றாது.

புளியையும் நெல்லியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான்: நடுவே ஒரு மெல்லிய குச்சி, இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி சின்னச் சின்னப் பச்சைகள். புளியில் அந்தச் சின்னப் பச்சை ஒவ்வொன்றின் அடியிலும் தேடுங்கள். கண் இருக்காது. குச்சி முழுவதும் கிளையோடு சேரும் இடத்தில் தேடினால் இருக்கும். ஆக, அந்தக் குச்சி முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. நாம் இலை என்று நினைத்தவை வெறும் சிற்றிலைகள். இப்போது நெல்லிக்கு வாருங்கள். அதே சின்னப் பச்சைகளின் அடியில் பூ வந்திருக்கும், காய் உட்கார்ந்திருக்கும். பூ கக்கத்திலிருந்துதான் வரும். அப்படியானால் ஒவ்வொரு பச்சையும் முழு இலை, அந்தக் குச்சி ஒரு கிளை. அந்தக் கிளை இலைபோலவே மொத்தமாக உதிர்ந்தும் விடும், அந்த அளவுக்கு வேஷம். கீழாநெல்லியும் நெல்லியின் உறவுதான், இலைக்குக் கீழே வரிசையாகக் காய் தொங்குவதால்தான் அதற்கு அந்தப் பெயர். பெயர் வைத்தவர் சரியான இடத்தைப் பார்த்திருக்கிறார்.

வேம்பும் கறிவேப்பிலையும் புளியின் கட்சி. கறிவேப்பிலையில் ஓர் இணுக்கு என்பது ஓர் இலை. முருங்கையில் நாம் சின்னக் கிளை என்று ஒடிப்பதே மூன்று முறை கிளைத்த ஒரே இலைதான்.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன், அதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் இருக்கிறது. கல்லூரிச் செய்முறைத் தேர்வில் ரோஜாக் குச்சியை வைத்து, முள் எதன் மாற்றுரு என்று கேட்டிருந்தார்கள். தண்டின் மாற்றுரு என்று எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவருக்குப் பார்வை இருந்தது. ஒரு ரோஜாக் குச்சியை எடுத்து முள்ளைப் பக்கவாட்டில் கட்டை விரலால் தள்ளினார், பொட்டென்று சுத்தமாக விழுந்தது. பிறகு எலுமிச்சை முள்ளைத் தள்ளச் சொன்னார். அசையவில்லை, முறித்தபோது நார் கிழிந்துகொண்டு வந்தது. "இது கக்கத்துல இருந்து வந்திருக்கு, இது கிளை. அது தோல்ல இருந்து வந்திருக்கு, எங்க வேணா இருக்கும்" என்றார். நான் மனப்பாடம் செய்தது தவறு, திருத்தியவர் மனப்பாடம் செய்ததும் தவறு, மதிப்பெண் மட்டும் முழுதாக வந்தது. அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரோஜாவின் முள் மேல்தோலின் வளர்ச்சி. கணுவோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. எலுமிச்சையின் முள், காகிதப்பூவின் முள் இரண்டும் கக்கத்திலிருந்து வரும் தண்டுகள். 2020-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலுமிச்சை இனத்தில் இரண்டு மரபணுக்களைச் செயலிழக்கச் செய்தபோது முள் வர வேண்டிய இடத்தில் கிளை வளர்ந்தது. வளர்வதை நிறுத்தச் சொல்லும் உத்தரவு போனதும் முள் தன் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. சப்பாத்திக்கள்ளியில் முள்தான் இலை, சதைப்பற்றான பச்சை உடம்பு தண்டு. கருவேலத்தில் இலையடியின் இரு பக்கமும் ஜோடியாக நிற்பவை இலையடிச் செதில்கள். ஒரே கூர்மை, நான்கு வெவ்வேறு பிறப்பு. கொடியின் பற்றுக்கம்பிகளும் இப்படித்தான்: பட்டாணியில் சிற்றிலை, திராட்சையில் தண்டு, செங்காந்தளில் இலையின் நுனியே சுருண்டு பிடித்துக்கொள்கிறது.

பூவுக்கும் இதே கதைதான். பூவின் உறுப்புகள் எல்லாம் இலையின் வடிவங்களே என்று ஜெர்மானியக் கவிஞர் கதே 1790-இல் எழுதினார். 1990-களின் தொடக்கத்தில் ஒரு சிறு கடுகினச் செடியில், பூ உறுப்புகளைத் தீர்மானிக்கும் மூன்று வகை மரபணுக்களையும் ஒன்றாகச் செயலிழக்கச் செய்தார்கள். அல்லி இதழ், மகரந்தத்தாள், சூலகம் எல்லாம் வர வேண்டிய இடத்தில் இலை போன்ற உறுப்புகள்தான் வந்தன.

உலகில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள் இருக்கின்றன. இவ்வளவு வகைகளுக்கும் இவ்வளவு குறைவான சாமான்களா என்று சந்தேகம் வந்தால், முட்டைக்கோஸ், களைக்கோஸ் (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்), நூக்கோல், காலிஃபிளவர் நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே இனம். நுனிமொட்டு பெருத்தால் முட்டைக்கோஸ். கக்கங்களில் இருக்கும் மொட்டுகள் ஒவ்வொன்றும் உருண்டால் களைக்கோஸ். தண்டு வீங்கினால் நூக்கோல். பூங்கொத்து பூவாகாமல் திரண்டு நின்றுவிட்டால் காலிஃபிளவர். மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கி விதைத்ததில் அந்தந்தப் பகுதி பெருத்துப்போனது. புதிதாக எந்த உறுப்பும் முளைக்கவில்லை.

விதிக்குள் அடங்காதவையும் உண்டு. பெரணிகள் இதில் வராது. ரணகள்ளி இலையின் விளிம்பிலேயே குட்டி போடும். உல்ஃபியா என்ற நீர்ச்செடி ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, வேர், தண்டு, இலை என்று எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. அவற்றைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உருளைக்கிழங்குக்கு வருகிறேன். அதன் குழிகளைக் கண் என்றுதானே சொல்கிறோம். அவை உண்மையிலேயே கண்கள். ஒரு குழியை உற்றுப்பாருங்கள், ஓரத்தில் புருவம் மாதிரி ஒரு வளைந்த கோடு தெரியும். செதில் போன்ற ஒரு சிற்றிலை இருந்து உதிர்ந்த தழும்பு அது. அப்பா சொன்னதேதான்: தழும்பு, அதற்கு மேல் கண். வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் தோல் பச்சையாகும். (பச்சையானதைச் சாப்பிட வேண்டாம், நச்சு சேர்ந்திருக்கும்.) முழுக் கிழங்கை வைத்தால் பெரும்பாலும் நுனிப்பக்கத்துக் கண்தான் முதலில் முளைக்கும், துண்டுகளாக வெட்டினால் எல்லாத் துண்டும் முளைக்கும். செடியின் கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் கிளம்புவதும் இதனால்தான். நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இருக்கும் கண்களைத் தூங்கவைக்கிறது என்று 1930-களில் கண்டுபிடித்தார்கள், 2008-இல் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற இன்னொன்றும் இதில் சேர்ந்திருப்பது தெரிந்தது.

சர்க்கரைவள்ளியிலும் முளை வருமே என்று உங்கள் மகன் கேட்பான். கேட்க வேண்டும். வரும். ஆனால் அங்கே கணு கிடையாது, தழும்பு கிடையாது, புருவம் கிடையாது. முளைகள் இலை வரிசை எதையும் பின்பற்றாமல் புதிதாக உண்டாகின்றன. வேர் இலை தாங்குவதில்லை, அதனால் அதற்குக் கக்கமும் இல்லை.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். ஒரு நீளமான உருளைக்கிழங்கும் குண்டூசிகளும் ஒரு நூலும் கொடுங்கள். எந்தப் பக்கம் கண்கள் நெருக்கமாக இருக்கின்றனவோ அது நுனி. எதிர்ப்பக்கம் கொடியோடு ஒட்டியிருந்த இடம். அங்கிருந்து தொடங்கி ஒவ்வொரு கண்ணிலும் ஓர் ஊசி குத்தி, நூலால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இணைத்துக்கொண்டே போகட்டும். நூல் கிழங்கைச் சுற்றிச் சுற்றி ஏறும், மரக்கிளையில் இலைகள் ஏறுவதைப் போல. அப்புறம் சர்க்கரைவள்ளியிலும் அதே நூலைக் கட்டிப் பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

நூல் இடப்பக்கமாக ஏறியதா, வலப்பக்கமாகவா என்று அவனே எனக்கு எழுதட்டும். பதில் எழுதுவேன்.

அன்புடன்.