புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒப்பீட்டு அரசியல்

அரசியல் கோட்பாட்டில் முனைவர் பட்டம் முடித்து இப்போதுதான் துறையில் சேர்ந்திருக்கிறீர்கள். மூன்று வாரத்தில் நாடுகளின் அரசியல் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒப்பீட்டு அரசியல் பாடத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்கள், மறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறுக்காதீர்கள். ஆளில்லாத பாடம் புதியவரிடம் வருவது எங்கும் நடப்பதுதான், உங்களை மட்டம் தட்டுவதற்காக அல்ல.

போன வருடம் அதை எடுத்தவரிடம் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் இன்றே கேட்டு வாங்குங்கள்.

பத்து நாடுகளை வரிசையாக நடத்த வேண்டாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாவது வாரம் மாணவர்கள் பேனாவை மூடிவிட்டார்கள். அடுத்த வகுப்பில் நியூசிலாந்தை மட்டும் எடுத்தேன். 1993 தேர்தலில் தேசியக் கட்சி 35 சதவீத வாக்கில் 99 இடங்களில் 50 பிடித்தது. அதே நாளில் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் தேர்தல் முறையையே மாற்றினார்கள். 1996 தேர்தலில், வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் தரும் விகிதாசார முறை வந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை, கூட்டணி அமைய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. இந்த எண்களைப் பலகையில் எழுதி, "அதே மக்கள்தானே, என்ன மாறியது?" என்று கேட்டேன். மணி அடித்த பிறகும் விவாதம் ஓயவில்லை.

உங்கள் கோட்பாட்டுப் பயிற்சி அங்கேதான் கைகொடுக்கும். பிரதிநிதித்துவம் என்றால் என்ன என்பதுதானே அடியில் கிடக்கும் கேள்வி! 158 அரசமைப்புகளைத் திரட்டச் செய்ததாகச் சொல்லப்படும் அரிஸ்டாட்டிலும் கோட்பாட்டையும் ஒப்பீட்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த பருவத்துக்கு உங்கள் சொந்தப் பாடம் வேண்டும் என்று துறைத்தலைவரிடம் இப்போதே எழுத்தில் கொடுத்து வையுங்கள்.